வைத்திய கலாநிதி தாலிமெரென் ஆவோ

பழைய மாணவன் ஒருவன்

எமது கல்லூரியின் விழா மலருக்கு விளையாட்டு வீரர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருக என மலர்க் குழுவினர் பணித்தபொழுது, ஈழத்தவர் ஒருவரையோ தமிழகத்தவர் ஒருவரையோ யான் தெரிந்தெடுப்பேன் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யான் தெரிந்தெடுத்தவரோ நம் நாட்டவரல்லர், நம் மொழியினருமல்லர், நம் சமயத்தவருமல்லர். இந்தியாவின் வடகிழக்கு மூலையில், பர்மிய எல்லையை அடுத்துள்ள நாகமலையிலே கிறித்தவப் போதகர் ஒருவருக்கு மகனாகத் தோன்றியவர். 1948 ஆம் ஆண்டில், சுதந்திரம் பெற்ற இந்தியாவின் முதலாவது ஒலிம்பிக் உதைபந்தாட்ட அணிக்குத் தலைமை தாங்கி இலண்டன் மாநகர் சென்றவர். சென்று மீண்டபின் பந்தைச் சில ஆண்டுகளில் வைத்துவிட்டு, வைத்தியராகத் தம் மலைக்கே திரும்பி, ஓய்வு பெறும்வரை ஆங்கே தொண்டாற்றியவர். தாலிமெரென் ஆவோ என்பது அவர் பெயர்.

சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டங்களிலிருந்து இக்கல்லூரிக்கு வந்து பயின்றோர் இம்மலரைப் படிப்பவருள் பலர் உளர். யானும் அவருள் ஒருவன். கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டமொன்றில் 1960களில் யாங்கள் உதைத்து விளையாடிய பந்து கடையில் வாங்கியதன்று. பால்வெட்டு முடிந்தபின் சிரட்டையிலும் பட்டையிலும் உறைந்து எஞ்சும் ஒட்டுப்பாலை நாடா நாடாவாக உரித்து, பழந்துணிச் சுருளொன்றின்மேல் இறுக்கிச் சுற்றிச் சுற்றிப் பந்தாக்குவோம். அப்பந்து எங்கே துள்ளும், எத்திசையில் ஓடும் என்பதை அதனைச் செய்தவனும் அறியான். காலையில் பெயர் கொடுத்து வேலைக்குப் பிரியும் பிரட்டுக்களமே மாலையில் எங்களுக்கு மைதானம். காலிலே சப்பாத்து என்பது ஒருவனுக்கும் இல்லை. பின்னர் கல்லூரி மைதானத்தில் முதன்முறை சப்பாத்தணிந்து ஓடியபொழுது, பந்து எங்கிருக்கிறது என்பதே தெரியாமற் போன உணர்ச்சி இன்றும் நினைவிலுள்ளது. ஆவோவின் வரலாற்றை முதலிற் படித்தபொழுது என்னை ஈர்த்தது இந்த வெறுங்காலே. அதற்கும் மேலான காரணம் ஒன்றுண்டு என்பது பிறகுதான் விளங்கிற்று.

அவர் 1918 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 28 ஆம் நாள், அக்காலத்தில் அசாமைச் சேர்ந்திருந்த நாகமலை மாவட்டத்துச் சாங்கி என்னும் ஊரிலே பிறந்தார். நாகர் என்பது ஓரினத்தின் பெயரன்று. தத்தமக்கெனத் தனி மொழியும் வழக்கமுமுடைய பல குலங்களின் பொதுப்பெயர். அவற்றுள் ஆவோ என்னும் குலத்தவர் நம் வீரர். குலத்தின் பெயரே அவர் பெயரின் ஈற்றிலும் நின்றது. தந்தையார் சுபோங்வாத்தி நிங்தாரி, ஆவோ மக்களிடையே போதகராயிருந்தவர். பன்னிரு பிள்ளைகளுள் நான்காமவர் தாலிமெரென். குடும்பம் இம்பூர் என்னுமிடத்திலிருந்த அமெரிக்க பாப்திஸ்த மிசன் வளவுக்குக் குடிபெயர்ந்தது. மலைமுகட்டிலே ஊர் அமைத்து வாழும் அம்மக்களுக்குச் சமதரை என்பதே அரிது. மிசன் வளவிலிருந்த சிறு வெளியிலே, கந்தற்றுணியைச் சுருட்டிக் கட்டிய பந்தைத்தான் அவர் முதலில் உதைத்துப் பழகினார். அவர்களுக்குக் கந்தற்றுணி, எங்களுக்கு ஒட்டுப்பால். வேறுபாடு அவ்வளவே.

மேற்படிப்பை நாடி மலையினின்றும் இறங்கி, அசாம் சமவெளியிலுள்ள ஜோர்ஹாட் நகரத்து மிசன் பாடசாலையிற் சேர்ந்தார். அதன்பின் கௌஹாத்தி நகரத்துக் கொட்டன் கல்லூரியிற் பயின்றார். கௌஹாத்தியில் மகாராணா விளையாட்டுக் கழகத்தார் அவரைத் தம் அணியிற் சேர்த்துக்கொண்டனர். கோலடிக்கும் முன்வரிசையில் ஆடியவரை நடுவரிசைக்கு மாற்றி, எதிரணியின் தாக்குதலை மறித்துப் பந்தை மீட்டு முன்வரிசையினருக்கு அனுப்பும் பொறுப்பை ஒப்புவித்தனர். கோலடிப்பவனுக்கே கைதட்டல் கிடைக்கும் ஆட்டத்தில் இது பெயர் வாங்கித் தரும் இடமன்று. ஆயினும் அணியின் முதுகெலும்பு அங்கேதான் உள்ளது என்பதைப் பயிற்றுநர் எவரும் அறிவர்.

1935 ஆம் ஆண்டிலே தந்தையார் நெருப்புக்காய்ச்சலால் இறந்துபட்டார். மகனுக்கு அப்பொழுது வயது பதினேழு. மகன் வைத்தியம் பயின்று தம் மக்களுக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்பது அத்தந்தையின் விருப்பமாயிருந்தது. போதகரின் குடும்பம், பன்னிரு பிள்ளைகள், உழைத்தவர் மறைந்துவிட்டார். ஒரு நாகச் சிறுவன் வைத்தியப் பட்டம் பெறுவதென்பது அக்காலத்தில் எட்டாத உயரத்துப் பேச்சு. எனினும் அவ்விருப்பத்தை மகன் கட்டளையாகவே ஏற்றார் என்பதை அடுத்துவந்த பதினைந்து ஆண்டுகள் காட்டுகின்றன.

ஈண்டு ஒன்றைக் குறிப்பிடாமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. 1934 ஆம் ஆண்டின் இறுதியிலும் 1935 இலும் இலங்கையைச் சூறையாடிய மலேரியாக் கொள்ளைநோய் மிகக் கடுமையாகத் தாக்கிய பகுதிகளுள் ஒன்று நமது கேகாலை மாவட்டம். ஏறத்தாழ 80,000 பேரை அது நாடெங்கும் பலிகொண்டது. கிராமங்களுக்குள் மருந்தும் உணவும் சுமந்து சென்றவருள் எஸ். ஏ. விக்கிரமசிங்கா என்னும் வைத்தியரும் ஒருவர். நாகமலையில் ஒரு போதகர் காய்ச்சலில் இறந்த அதே காலத்தில், களனிப் பள்ளத்தாக்கின் ஊர்களும் காய்ச்சலில் மடிந்துகொண்டிருந்தன. தோட்டங்களிலோ நிலைமை வேறு. அங்கே டிஸ்பென்சரி ஒன்று இருக்கும். டாக்டர் ஐயா என யாம் அழைத்தவரும் இருப்பார். அவர் பட்டம் பெற்ற வைத்தியரல்லர். மருந்து கலக்கிக் கொடுக்கப் பயின்ற உத்தியோகத்தரே. அவரால் இயன்றதை அவர் செய்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இயலாதது வந்தபொழுது நோயாளியை லொறியிலேற்றி நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினர். வழியிலேயே முடிந்துபோனோர் கதை ஒவ்வொரு லயத்திலும் ஒன்றிரண்டு உண்டு. ஒரு மலைவாழ் சமூகத்துக்குத் தன்னிலிருந்தே ஒரு வைத்தியன் தோன்றுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நம் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை.

1942 ஆம் ஆண்டில் ஆவோ கல்கத்தாவின் கார்மைக்கேல் வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்தார். ஆர். ஜி. கார் வைத்தியக் கல்லூரி எனப் பின்னர் பெயர் மாறியது அதுவே. அவர் படிக்கச் சென்ற காலம் படிப்புக்கு உகந்ததன்று. இரண்டாம் உலக யுத்தம் கிழக்கெல்லைக்கு வந்துவிட்டது. 1943 இல் வங்கப் பெரும்பஞ்சம் மூண்டு, பட்டினியால் வாடிய நாட்டுப்புற மக்கள் கல்கத்தா வீதிகளில் விழுந்து மாண்டனர். 1944 இல் யப்பானியப் படை நாகமலையினுள்ளே புகுந்து, கோகிமா நகரிலே ஏப்பிரில் முதல் ஜூன்வரை பெரும்போர் நடந்து, அந்நகரம் தரைமட்டமாயிற்று. சொந்த மலை போர்க்களமாக, பயிலும் நகரம் பஞ்சக் களமாக, இவற்றின் நடுவே ஒருவர் உடற்கூற்றியலும் நோயியலும் கற்றார்.

அதே ஆண்டுகளில்தான் அவர் பெயர் கல்கத்தாவெங்கும் பரவியது. 1943 இல் மோகன் பகான் கழகத்தில் அவர் சேர்ந்தார். அக்கழகத்தின் பெருமையை இளைய மாணவர் அறிந்திருக்கமாட்டார்கள் ஆதலின் சுருங்கக் கூறுகின்றேன். 1911 ஆம் ஆண்டு ஜூலை 29 ஆம் நாள், ஒருவர் தவிர ஏனைய பதின்மரும் வெறுங்காலுடன் ஆடி, ஆங்கிலப் படையணியான கிழக்கு யோர்க்சயர் அணியை இரண்டுக்கு ஒன்று எனத் தோற்கடித்துக் கேடயம் வென்ற கழகம் அது. ஆள்வோரை ஆளப்படுவோர் ஒரு களத்திலேனும் வெல்லலாம் என்பதை அன்று வங்காளம் கண்டது. அக்கழகத்தின் நடுவரிசையில் நாகமலையிலிருந்து வந்த மாணவர் ஒருவர் நின்றபொழுது, 1943, 1944 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கல்கத்தா லீக் வெற்றி அக்கழகத்துக்கே கிடைத்தது. கழகத்தின் தலைமைப் பொறுப்பும் பின்னர் அவரை வந்தடைந்தது. பகலில் வைத்தியசாலை, மாலையில் மைதானம், இரவில் புத்தகம் என ஓடிய வாழ்க்கை அது. 1942 இல் தொடங்கிய படிப்பு முடிந்தது 1950 இல் என்பதை நோக்குக.

1948 இல் இலண்டனில் ஒலிம்பிக் விழா கூடியது. யுத்தத்தினால் 1940 இலும் 1944 இலும் நடவாதொழிந்த விழா அது. இந்திய உதைபந்தாட்ட அணிக்குத் தலைவராக ஆவோ தெரிவானார். தொடக்க விழா அணிவகுப்பில் இந்திய நாட்டின் கொடியை ஏந்திச் சென்றவரும் அவரே. விளையாட்டுச் செய்தியாக மட்டும் இதனை நோக்கினால் இதன் முழுப்பொருள் விளங்காது. இந்தியா சுதந்திரமடைவதற்கு முதல்நாளாகிய 1947 ஆகஸ்ட் 14 ஆம் நாள், நாக தேசிய சபையினர் தம் மலை இந்தியாவைச் சேர்ந்ததன்று, அது தனிநாடு எனப் பிரகடனம் செய்திருந்தனர். அச்சபையின் முன்னணித் தலைவரான பீசோவும் ஆவோவும் ஒரே மலை மக்கள். ஓராண்டு கழியுமுன் அம்மலையின் மகனொருவர் கையில் இந்தியக் கொடி பறந்தது. அக்கொடியைப் பிடித்தபொழுது அவர் உள்ளத்தில் ஓடியது யாது என்பதைக் கற்பனையால் நிரப்ப யான் முயலேன். எல்லையோரத்துச் சிறு குலமொன்றைச் சேர்ந்தவரைப் புதிய பெருநாடு முன்னிறுத்தி நிறுத்தியது, அவரும் நின்றார். அறிந்தது அவ்வளவே, அதுவும் சிறிதன்று.

அதே 1948 இல் இங்கே நடந்ததையும் இத்துடன் வைத்துப் பார்க்க நேர்கிறது. பெப்ரவரியில் இலங்கை சுதந்திரம் பெற்றது. ஆண்டு முடியுமுன் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறி, இரத்தினபுரியிலும் கேகாலையிலும் மலையகமெங்கும் தலைமுறை தலைமுறையாகத் தேயிலையும் இறப்பரும் வளர்த்த மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அங்கே ஒரு மலையின் மகன் நாட்டின் கொடியை ஏந்தினான்; இங்கே மலைமக்களுக்கு ஏந்துதற்கு ஒரு கொடியும் இல்லாது போயிற்று. 1964 ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் என்னோடு பிரட்டுக்களத்தில் பந்தாடியவருட் பலர் குடும்பத்தோடு தலைமன்னார் சென்று கப்பலேறினர். எங்கள் அணியில் ஒரு பருவத்தில் பதினொருவர் சேராத நிலையும் வந்தது. எஞ்சியோர் யாவர்க்கும் பிரசாவுரிமை சட்டத்தால் நிறைவாக உறுதிசெய்யப்பட்டது 2003 ஆம் ஆண்டிலேதான். இது விளையாட்டுக் கட்டுரைக்குப் புறம்பானது எனச் சிலர் கருதலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை.

நிற்க. ஆட்டத்துக்கு வருவோம். ஜூலை 31 ஆம் நாள், இலண்டனை அடுத்த இல்போர்ட் நகரத்துக் கிரிக்கிள்பீல்ட் மைதானத்தில் இந்தியா பிரான்ஸ் நாட்டை எதிர்த்தது. சுதந்திர இந்தியா ஒலிம்பிக் களத்தில் ஆடிய முதல் உதைபந்தாட்டம் இது. இந்திய வீரருட் பெரும்பாலோர் வெறுங்காலுடன், சிலர் பாதத்தில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு இறங்கினர். அணியிலே தென்னிந்தியர் பலர் இடம்பெற்றிருந்தனர். ராமன், தன்ராஜ், வஜ்ரவேலு, வரதராஜ் என்னும் பெயர்கள் நம் செவிக்கு அந்நியமானவையல்ல. கோல் காத்தவர் வரதராஜ். முப்பதாவது நிமிடத்தில் பிரான்ஸ் முதலாவது கோலைப் போட்டது. இடைவேளைக்குப் பின் எழுபதாவது நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் பந்தை வலைக்குள் செலுத்திச் சமப்படுத்தினார். சுதந்திர இந்தியாவின் முதலாவது ஒலிம்பிக் கோல் அவருடையதே.

இந்தியாவுக்கு அன்று இரண்டு தண்ட உதைகள் கிடைத்தன. சைலேன் மன்னா ஒன்றையும் மகாவீர் பிரசாத் மற்றொன்றையும் அடித்தனர், இரண்டும் வீணாயின. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கையில், எண்பத்தொன்பதாவது நிமிடத்தில், பிரான்ஸ் இரண்டாவது கோலைப் போட்டு வென்றது. தண்ட உதை தவறியவனின் துயரை உதைபந்தாடியோர் நன்கறிவர். பன்னிரண்டு யார் தூரம், தடுப்பவன் ஒருவனே, ஊர் முழுவதும் பார்த்து நிற்கிறது. மன்னா மோகன் பகானில் ஆவோவின் தோழர். பின்னர் இந்திய அணிக்கே தலைவராகி, 1951 இல் புதுடெல்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டு விழாவில் தங்கப் பதக்கம் பெற்றுத் தந்தவர். அத்தகையவருக்கும் அந்நாள் அப்படி அமைந்தது. தோல்வியே எனினும் இலண்டன் மக்கள் தோற்றவரையே பெரிதும் கொண்டாடினர் என அக்காலப் பத்திரிகைகள் பேசின.

அதே ஜூலை 31 ஆம் நாள் வெம்பிளி அரங்கிலே நம் டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் 51.8 விநாடியில் ஓடி இரண்டாமிடம் பெற்று இலங்கைக்கு வெள்ளிப் பதக்கம் ஈட்டினார். ஒரே நகரத்தில், ஒரே மாலையில், அண்மையில் சுதந்திரமடைந்த இரு அயல்நாடுகளும் தம்மை உலகுக்குக் காட்டிக்கொண்டன.

ஆட்டத்தின் பின் பத்திரிகையாளர் சிலர் ஆவோவை அணுகி, சப்பாத்தின்றி ஆடுவது ஏன் என வினவினராம். இந்தியாவில் ஆடுவது காலால் ஆடும் பந்து, நீங்கள் ஆடுவதோ சப்பாத்தால் ஆடும் பந்து என்னும் பொருள்பட அவர் சிரித்துக்கொண்டே விடை பகர்ந்தார் என்பது பலரும் சொல்லிவரும் கதை. ஆங்கிலத்திலே இரு சொற்களை வைத்து அவர் செய்த சிலேடை தமிழில் முழுதும் வராது. இதனை வெறும் நகைச்சுவையாகவே எழுதிச் செல்வர். யானோ அதனை உண்மையென்றே கொள்வேன். வெறுங்காலுக்குப் பந்தோடு ஓர் உறவு உண்டு. ஒட்டுப்பாற் பந்தை உதைத்தவனுக்கு அது தெரியும். எனினும் வறுமையை அழகென்று மயங்கிவிடலாகாது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1952 இல், ஹெல்சிங்கியின் குளிரிலே இந்திய வீரருட் பலர் மீண்டும் வெறுங்காலோடு இறங்கி, யூகோசிலாவியாவிடம் பத்துக்கு ஒன்று என நொறுங்கினர். அதன்பின்னரே சப்பாத்தணிதல் இந்திய அணியில் கட்டாயமாயிற்று. 1956 இல் மெல்போர்னில் நான்காமிடம் பெற்ற அணி சப்பாத்தணிந்த அணி.

இலண்டனில் ஆவோவின் ஆட்டத்தைக் கண்ட ஆர்சனல் கழகத்தார், ஓராண்டு தங்கித் தம் அணியில் ஆடுமாறு அவரை அழைத்தனர் என்பது அவர் வரலாற்றை எழுதியோர் பலரும் கூறும் செய்தி. அவர் இணங்கவில்லை. வைத்தியப் படிப்பு இன்னும் முடியவில்லை. அதனை இடையில் விட அவர் விரும்பவில்லை. இன்றைய மாணவர் இதனைப் படித்தால் தலையில் அடித்துக்கொள்வர். இக்காலத்தில் ஆர்சனல் அணியில் ஒருவாரம் ஆடுபவன் பெறும் ஊதியம் ஒரு வைத்தியனின் பல்லாண்டுச் சம்பளத்தினும் பெரிது. அக்காலம் அவ்வாறன்று. இங்கிலாந்தில் ஆட்டக்காரரின் சம்பளத்துக்கு 1961 வரை உச்ச வரம்பு இருந்தது. புகழ் பெற்ற வீரனும் தேர்ந்த தொழிலாளியினும் பெரிதாக ஈட்டியதில்லை. ஆதலின் அவர் பெருஞ்செல்வத்தைத் துறந்தார் எனச் சொல்வது மிகை. அவர் துறந்தது புகழை. இந்திய உபகண்டத்தில் அக்காலத்தில் எவர்க்கும் கிட்டாத புகழ் அது.

நாடு திரும்பி, 1950 இல் வைத்தியப் பட்டம் பெற்றார். மோகன் பகான் கழகத்துக்காக ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆடி, பின் பந்திலிருந்து விலகினார். அசாமின் திப்ருகார் வைத்தியக் கல்லூரியில் காது, மூக்கு, தொண்டை நோய்ப் பிரிவிற் சிலகாலம் பணியாற்றினார். கல்கத்தாவிலேயே இருந்திருக்கலாம். அந்நகரத்தில் அவரை அறியாதார் இலர். நோயாளிகள் வாயிலில் வரிசையாக நின்றிருப்பர். 1953 இல் அவர் சென்ற இடம் கோகிமா. யுத்தத்தில் நொறுங்கி அப்பொழுதுதான் தலைநிமிரத் தொடங்கிய மலைநகரம். அங்கே அரசினர் வைத்தியசாலையில் உதவிச் சத்திரசிகிச்சை வைத்தியராகப் பொறுப்பேற்றார்.

அவர் சென்ற காலத்தில் நாகமலை அமைதியாக இல்லை. பீசோவின் தலைமையில் எழுந்த கிளர்ச்சி 1950களின் நடுப்பகுதியில் ஆயுதப் போராயிற்று. இந்தியப் படை மலையேறியது. 1958 இல் ஆயுதப் படைக்குத் தனி அதிகாரம் வழங்கும் சட்டம் வந்தது. ஊர்கள் எரிந்தன. இருபுறத்தாரும் மக்களை ஐயுற்ற காலம். இந்தியக் கொடியை ஏந்திய ஒரு நாகர், இந்திய அரசின் ஊழியராக, அந்த மலையிலே வைத்தியம் பார்த்தார் என்பதன் பாரத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மைதானத்தில் தொண்ணூறு நிமிடம் நடுவில் நின்று இருபுறத்துப் பந்தையும் தாங்கியவருக்கு, வாழ்க்கையிலும் நடுவிலேயே இடம் வாய்த்தது. நம் நாட்டின் முப்பதாண்டுப் போர்க்காலத்தில் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வைத்தியசாலைகளை விட்டகலாது நின்றோரை நினைவுகூர்வோர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டா.

1963 டிசம்பர் முதலாம் நாள் நாகாலாந்து இந்தியாவின் தனி மாநிலமாயிற்று. அதன் முதலாவது சுகாதார சேவைகள் பணிப்பாளராக ஆவோ அமர்த்தப்பட்டார். 1978 இல் ஓய்வு பெறும்வரை அப்பொறுப்பு அவரிடமே இருந்தது. உதைபந்தாட்டத்தில் அவர் புகழோடு நின்ற காலம் பத்தாண்டுக்கும் குறைவு. மலையில் வைத்தியராயிருந்த காலம் இருபத்தைந்து ஆண்டுகள். அவரைப் பற்றிய எழுத்துகளிலோ அளவு தலைகீழாக உள்ளது. தொண்ணூறு நிமிட ஆட்டமொன்றுக்குப் பக்கம் பக்கமாக எழுதுகின்றனர். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு இரண்டு வரிகள். இக்கட்டுரையும் அக்குற்றத்தினின்று தப்பவில்லை என்பதைப் படித்து வந்தோர் கண்டிருப்பர். கோலை எண்ணலாம், பிழைத்தெழுந்த குழந்தைகளை எவரும் எண்ணி வைப்பதில்லை.

முன்னர் யான் சொன்ன அந்த மற்றைக் காரணம் இதுவே. தோட்டத்திலிருந்து இக்கல்லூரிக்கு வந்தபொழுது, என் தந்தையார் பால்வாளி ஏந்திய கையோடு வந்து பஸ் ஏற்றிவிட்டார். படித்தபின் திரும்பி வந்து நம் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது அவர் வேண்டுதல். யான் படித்தேன், கொழும்பில் உத்தியோகம் கிடைத்தது, திரும்பவில்லை. விடுமுறைக்குச் சென்றேன், திருவிழாவுக்குச் சென்றேன், ஈற்றில் அவர்தம் ஈமக்கிரியைக்குச் சென்றேன். எவரும் என்னைக் குறை கூறியதில்லை. தோட்டத்தார் என்னைப் பெருமையோடுதான் வரவேற்றனர். அதுவே எனக்குப் பெருஞ்சுமையாயிருந்தது. எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் பலாங்கொடையிலும் இறக்குவானையிலும் இருந்து வந்து பயின்று வெளியேறிய என் தோழருள் திரும்பியோர் சிலர் உளர். ஆசிரியராகச் சென்ற அவர்களை யான் நன்கறிவேன். அவர்களது பாடசாலைகளிலிருந்து இன்று பிள்ளைகள் பல்கலைக்கழகம் செல்கின்றனர். எங்கள் தொகுதியில் திரும்பாதவர் தொகையே பெரிது.

ஆவோ 1998 ஆம் ஆண்டு செப்டெம்பர் 13 ஆம் நாள், எண்பது வயது நிரம்பிய நிலையிற் காலமானார். அவர் வாழ்ந்த நாளில் அவருக்குரிய சிறப்பை நாடு செய்ததெனச் சொல்வதற்கில்லை. மறைந்து பத்தாண்டு கழிந்தபின் நினைவு விழித்தது. 2009 முதல் வடகிழக்கு மாநிலங்களுக்கிடையே அவர் பெயரால் உதைபந்தாட்டக் கிண்ணம் நடத்தப்படலாயிற்று. அசாமில் ஒரு விளையாட்டரங்கு அவர் பெயரைத் தாங்கியுள்ளது. பிறந்து நூறாண்டு நிறைந்த 2018 இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த முத்திரையை வெளியிட்டது. 1948 இல் நாகமலையிலிருந்து ஒருவர் மட்டுமே சென்றார். இன்று இந்திய தேசிய அணிக்கும் பெருங்கழகங்களுக்கும் வடகிழக்கு மலைகள் அனுப்பும் ஆட்டக்காரரின் தொகை, அம்மக்களின் சனத்தொகையோடு ஒப்பிட வியப்பைத் தருவது.

சென்ற ஆண்டு எங்கள் பழைய தோட்டத்துக்குச் சென்றிருந்தேன். பிரட்டுக்களத்தில் மாலையில் பையன்கள் பந்தாடிக்கொண்டிருந்தனர். பந்து கடையில் வாங்கியது. மூவர் காலில் சப்பாத்து இருந்தது, ஏனையோர் வெறுங்கால். நடுவில் நின்று பந்தை மறித்து மறித்து முன்னே அனுப்பிய நெட்டைப் பையனொருவனை, நீ என்ன படிக்கிறாய் என விசாரித்தேன். உயர்தரத்தில் உயிரியல் என்றான். பந்து அவன் பக்கமாக வந்தது. பேச்சை விட்டு ஓடிவிட்டான்.